விடைபெற்றுச் சென்ற ஆசிரியை

ஊருக்கு உழைத்தவரை ஊர் மறந்துவிடுவது புதிய செய்தியன்று. வந்தபோது ஐயத்தோடு பார்க்கிறோம்; இருக்கும்போது பயன் பெறுகிறோம்; போகும்போது வாசல் வரை சென்று வழியனுப்பவும் நமக்கு நேரம் இருப்பதில்லை. நம் மஹல்லாக்கள் பலவற்றின் கதை இதுதான். கட்டடத்துக்குக் கல் கொடுத்தவரின் பெயர் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிள்ளைக்கு எழுத்துக் கொடுத்தவரின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் எழுபது வயதைத் தாண்டிய என் தாயார். கேட்கக் காரணமாக இருந்தவர், ஒன்றரை ஆண்டுக் காலம் எங்கள் மத்ரஸாவின் திண்ணையில் அமர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் விடைபெற்றுச் சென்ற ஓர் இந்துச் சகோதரி. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். எழுதினால் என் குறைகளையும் எழுத வேண்டியிருக்குமே என்ற தயக்கத்தால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நன்றியைத் தள்ளிப் போடுவது கடனைத் தள்ளிப் போடுவது போன்றதே என்பதை உணர்ந்து இன்று எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வருகிறது எங்கள் திருவெறும்பூர். ஊருக்கு அடையாளம் சிறு குன்றும் அதன்மேல் நிற்கும் பழைய சோழர் காலத்துச் சிவன் கோயிலும். ஊரை வளர்த்தவை 1960களில் எழுந்த கொதிகலன் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும். அவற்றை நம்பி இரும்புப் பட்டறைகள் தோன்றின. பட்டறைகளை நம்பிக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. எங்கள் மஹல்லாவும் அவ்வாறு சேர்ந்ததுதான். வெல்டிங் வேலை செய்வோர், ஆட்டோ ஓட்டுவோர், கறிக்கடை வைத்திருப்போர், வளைகுடாவில் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்புவோர் என எளிய மக்கள் வாழும் சிறிய மஹல்லா அது. பள்ளிவாசலை ஒட்டி மத்ரஸா. மத்ரஸாவை ஒட்டி எனக்கு ஜமாஅத்தார் கொடுத்திருக்கும் சிறிய வீடு. திருச்சியில் கலைக் கல்லூரியில் இளங்கலை படித்தபின் மார்க்கக் கல்வி பயின்று, இந்தத் திண்ணையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய்த் தொற்றினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்குச் சென்றது 2021 நவம்பர் முதல் நாளில். இடையில் ஓடிய பத்தொன்பது மாதங்களைப் பெரியவர்கள் நாம் நோயின் காலம் என்று நினைவு வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கோ அது எழுத்தை இழந்த காலம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் கேட்டார்கள். எங்கள் தெருவில் கைப்பேசி தகப்பனாரின் சட்டைப் பையில் பட்டறைக்குப் போய்விடும். இரவு திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும்.

அந்த இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் அது தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. அந்தந்தத் தெருவில் வாழும் படித்தவர்களே மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் இருபது பிள்ளைகள் போல் சேர்த்துவைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப் பட்டம் வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் ரூபாய்க்காக யாரும் இரண்டு மணி நேரம் தொண்டை வற்றப் பேச மாட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் முன்வந்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

எங்கள் பகுதிக்கு முன்வந்தவர் இரண்டு தெருக்களுக்கு அப்பால் குடியிருந்த ஒரு வெல்டர் வீட்டுப் பெண். கணிதத்தில் பட்டம் பெற்றவர். அப்போது இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று வயதிருக்கும். அவர் வீடோ ஒரே அறை. இடம் தேடி அலைந்தவர், ஒருநாள் தம் தாயாருடன் மத்ரஸா வாசலுக்கு வந்து, “ஐயா, இந்தத் திண்ணையை மாலையில் ஒரு மணி நேரம் கொடுப்பீர்களா? பாங்கு சொன்னதும் முடித்துவிடுவேன்” என்று கேட்டார்.

நான் மறுத்தேன்

சகோதர சகோதரிகளே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அதை விரும்பவில்லை. அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரம் பிள்ளைகள் என்னிடம் குர்ஆன் ஓதும் நேரம். அதை விட்டுக் கொடுத்தால், மக்ரிபுக்குப் பின் எனக்கென்று நான் வைத்திருந்த படிப்பு நேரத்தில் ஓதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வெளியில் நான் சொன்ன காரணங்கள் வேறு: மத்ரஸாவின் ஒழுங்கு, பிற சமயப் பெண் ஒருவர் அங்கு வந்து அமர்வதில் உள்ள சங்கடம், ஊர் என்ன சொல்லும் என்னும் கவலை. மனத்துக்குள் இருந்த காரணம் என் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

விஷயம் ஜமாஅத் கூட்டத்துக்குப் போனது. நான் எழுந்து என் காரணங்களைச் சொன்னேன். சிலர் தலையாட்டினர். அப்போது ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வழக்கமாகக் கூட்டத்தில் வாய் திறவாதவர், மெதுவாகக் கேட்டார்: “ஹஜ்ரத், பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மதீனாவுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு விடுதலையாகிப் போகலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விட்டதாக நீங்கள்தானே ஜும்ஆவில் சொன்னீர்கள்? அந்த ஆசிரியர்கள் அன்று எந்தச் சமயத்தில் இருந்தார்கள்? நேற்று வரை வாளேந்தி எதிரே நின்றவர்களிடம் பிள்ளைகளை அனுப்பினார்கள். இந்தப் பிள்ளை நம் தெருவில் பிறந்து வளர்ந்தது.”

கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. நான் பலமுறை மிம்பரில் நின்று விரிவாகச் சொல்லிய நிகழ்ச்சிதான் அது. சொல்லியவனுக்கு மறந்து, கேட்டவருக்கு நினைவிருந்தது. 2021 டிசம்பரில் திண்ணையைக் கொடுத்தோம். மக்தப் வகுப்பு மக்ரிபுக்குப் பின் மாறியது.

ஓதுதலும் பார்த்து ஓதுதலும்

முதல் வாரம் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். மாத முடிவில் இருபத்து மூன்று. எங்கள் மஹல்லாப் பிள்ளைகளும் அடுத்த தெரு இந்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். சோடாப் புட்டி மூடிகளின் உட்புறத்தில் எழுத்துகளை எழுதி ஒட்டி, அவற்றை அடுக்கிச் சொல் சேர்க்கச் சொல்வார் அந்தச் சகோதரி. தெருவில் கிடந்த கூழாங்கற்கள் கணக்குப் பாடமாயின. பாங்கு ஒலித்ததும் சொன்னபடியே புத்தகத்தை மூடிவிடுவார். ஒரு பகுதிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள். மறு பகுதியினர் ஒளூச் செய்ய ஓடுவார்கள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, ‘இதெல்லாம் எத்தனை நாளைக்கு?’ என்று எண்ணிக்கொள்வேன்.

என் இளைய மகனும் அந்தப் பாயில் இருந்தான். பள்ளி மூடப்பட்டபோது அவன் முதல் வகுப்பை முடிக்கும் நிலையில் இருந்தான். மீண்டும் திறந்தபோது மூன்றாம் வகுப்புக்குப் போனான். வீட்டில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கணீரென்று படிப்பான். வந்தவர்களெல்லாம் பாராட்டுவார்கள். ஹஜ்ரத் மகனல்லவா என்பார்கள். நானும் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, பிள்ளைகள் கலைந்த பின் அந்தச் சகோதரி தயங்கி நின்றார். யாரும் அருகில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஐயா, தம்பி பாடத்தை ஒப்பிக்கிறான். படிக்கவில்லை. அக்கா வாசித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான். இன்று வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தையே சொன்னான். எழுத்து இன்னும் முழுதாகத் தெரியவில்லை. அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு மூன்று மாதம் கொடுங்கள்.”

மத்ரஸாவில் பணியாற்றுவோர் இதன் கனத்தை அறிவார்கள். நாழிரா என்பது பார்த்து ஓதுதல். ஹிஃப்ள் என்பது மனத்தில் வைத்து ஓதுதல். பார்த்து ஓத வேண்டிய பிள்ளை, கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு விரலை மட்டும் வரியில் நகர்த்தி ஏமாற்றுவது எங்கள் தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. அப்படிப்பட்ட பிள்ளையை விரலின் அசைவைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவேன் என்பது என் பெருமை. இருபது ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளின் விரலைப் பார்த்த கண், என் மகன் விரலைப் பார்க்கவில்லை. அரபி எழுத்தின் மக்ரஜைத் திருத்துவதில் மணிக்கணக்காகச் செலவிட்ட எனக்கு, அவன் தாய்மொழியின் எழுத்து அவனிடம் இல்லை என்பது தெரியாமற் போயிற்று. கலைக் கல்லூரியில் தமிழைப் பாடமாகப் படித்தவன் நான்.

அன்றிரவு தொழுகையில் நெடுநேரம் இருந்தேன். மகனைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

மூன்று மாதம் என்று கேட்டவருக்கு நான்கு மாதமாயிற்று. ஒருநாள் மகனை அழைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வந்த வண்டியின் பலகையை அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டினான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தான். “அத்தா, நம்ம ஊர்ப் பேருக்குள்ளே எறும்பு இருக்கு!” எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பலகையைப் பார்த்து வண்டி ஏறியவன் நான். எறும்புகளின் பெயரால் குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டென்று அவனுக்குச் சொன்னேன். அந்நம்ல், இருபத்தேழாவது ஸூரா. வீடு வரும் வரை கடைப் பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டே வந்தான்.

என் வீட்டில் நடந்தது மாநிலம் முழுவதும் நடந்திருக்கிறது. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த பொருளாதார ஆய்வாளர்கள், நோய்க் காலத்தில் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் பிள்ளைகள் மீட்டுக்கொண்டனர் என்றும், அவ்வாறு மீட்டதில் நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் கிடைத்தது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். புள்ளிவிவரத்தில் அது நான்கில் ஒரு பங்கு. என் மகனுக்கு அது முழுமை.

திண்ணைக்கு வெளியே

அந்தச் சகோதரியின் தொண்டு பிள்ளைகளோடு முடிந்துவிடவில்லை. பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மார்கள் திண்ணைக்கு எதிரே வேப்பமரத்தடியில் காத்திருப்பார்கள். இரண்டு தெருக்காரர்களுக்கும் பொதுக் குழாய்த் தண்ணீர் பற்றி நெடுநாள் மனத்தாங்கல். நியாயவிலைக் கடை வரிசையில்கூட முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நாள்தோறும் ஒரே மரத்தடியில் அரை மணி நேரம் நிற்க நேர்ந்தால் எத்தனை நாளைக்கு வாய் மூடியிருக்க முடியும்? பிள்ளைகளைப் பற்றிப் பேச்சுத் தொடங்கியது. குழாய்க்கு முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அந்த மரத்தடியில்தான் பிறந்தது. பொங்கலுக்கு அந்தத் தெருவிலிருந்து கரும்பு வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளன்று இங்கிருந்து வட்டிலப்பம் போயிற்று. எந்தத் தலைவரும் வந்து நல்லிணக்க மாநாடு நடத்தவில்லை.

வங்கிப் படிவம், முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம், பள்ளிச் சான்றிதழ் என்று தாய்மார்கள் கொண்டுவரும் காகிதங்களை வகுப்பு முடிந்ததும் நிரப்பிக் கொடுப்பார். நிரப்பிக் கொடுப்பதோடு விடமாட்டார். “அடுத்த முறை நீங்களே பெயர் எழுத வேண்டும், அக்கா” என்று கையில் பேனாவைக் கொடுத்துவிடுவார். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் அவ்வாறு கையெழுத்துப் போடக் கற்றார்கள்.

மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். கடிதம் எழுதும் பாடம் வந்தது. யாருக்கேனும் உண்மையான கடிதம் எழுத வேண்டும் என்றார். எங்கள் மஹல்லாவில் ஒரு சிறுமி. பிறந்தபின் தகப்பனாரை இரண்டே முறை பார்த்தவள். அவர் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை செய்கிறார். நாள்தோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்பதைத் தாண்டுவதில்லை. அந்தச் சிறுமி ஒரு பக்கம் எழுதினாள். அதைப் படமெடுத்துத் தகப்பனாருக்கு அனுப்பி வைத்தார் சகோதரி. நேரில் பேசும்போது சொல்லாததையெல்லாம் மகள் அதில் எழுதியிருந்தாள்: பெருநாளைக்குப் புத்தாடை வேண்டாம், அத்தா வந்தால் போதும் என்று. அடுத்த விடுமுறையில் ஊர் வந்த அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். கடிதத்தை அங்கே அச்செடுத்து, ஓராண்டுக் காலம் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

அம்மாவின் ஆசிரியை

இவற்றையெல்லாம் வீட்டு வாசலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் ஒருநாள் தம் கதையைச் சொன்னார். அம்மாவுக்கு ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கம். 1991ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். ஊதியம் இல்லாத ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இரவில் அரிக்கேன் விளக்கோடு தெருத்தெருவாகச் சென்று எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தால்தான். கிராமத்துப் பெண்கள் கூட்டமாகச் சைக்கிளில் சென்ற காட்சி நாடு முழுவதும் பேசப்பட்டது. அம்மா சைக்கிள் ஓட்டவில்லை, அத்தா சம்மதிக்கவில்லையாம். ஆனால் எழுதப் படிக்கக் கற்றார். எங்கள் வீட்டுப் பாலுக்கும் மளிகைக்கும் கணக்கு எழுதிவந்தது அந்த எழுத்துத்தான்.

“எனக்குச் சொல்லிக் கொடுத்த பெண் ஆறு மாதம் வந்தது. மழையிலும் வந்தது. ஒருநாள் ‘இனி வர மாட்டேன் அக்கா, வேலை கிடைத்துவிட்டது’ என்று சொல்லிவிட்டுப் போனது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து வாசலுக்குக்கூடப் போகவில்லை நான். அதன் பெயரை இன்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. என் பெயரை எழுதக் கற்றுக் கொடுத்ததின் பெயர் எனக்குத் தெரியவில்லையே!” என்று அம்மா சொன்னபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

மனிதர்க்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி பாராட்டியவர் ஆகார் என்னும் கருத்துப்பட நபிமொழி உண்டென்று நாம் அறிவோம். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரத்துக்கு முன்பே மதீனாவுக்கு ஆசிரியராக அனுப்பப்பட்ட இளைஞர் அவர். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்தவர்; அங்கே ஒருவரின் இல்லத்தில் விருந்தாளியாகத் தங்கி, வீடு வீடாகச் சென்று கற்பித்தார். உஹதில் அவர் உயிர் நீத்தபோது உடலை முழுதும் மூட ஒரு துணி கிடைக்கவில்லை. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. பின்னாளில் வசதியாக வாழ்ந்த தோழர்கள் உணவுக்கு முன் அமர்ந்து அவரை நினைத்து அழுதார்கள். அந்தச் சமுதாயம் தன் ஆசிரியரை மறக்கவில்லை.

விடை

2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தச் சகோதரிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. மே மாதத்தோடு வகுப்பை முடித்துக்கொள்வதாகச் சொன்னார். ஜமாஅத்தார் கூடிப் பேசினார்கள். பொன்னாடை போர்த்த வேண்டும், கேடயம் கொடுக்க வேண்டும், நாளிதழ்க்காரரை அழைக்க வேண்டும் என்றெல்லாம் ஆலோசனைகள் வந்தன. திண்ணை கொடுக்க மறுத்த நானே வரவேற்புரை ஆற்றுவதென்று முடிவாயிற்று. செய்தியைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் சிரித்தார். “கூட்டமெல்லாம் வேண்டாம் ஐயா. பொன்னாடையை நான் என்ன செய்யப் போகிறேன்? ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் ஐந்து மணிக்கு வந்து நிற்பார்கள். அப்போது அந்தப் பாயில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைச் செய்து கொடுங்கள், போதும்” என்றார்.

“யார் இருக்கிறார்கள், அம்மா?” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “உங்கள் மகள் இருக்கிறாளே. ஒன்றரை ஆண்டாக ஜன்னலுக்குப் பின்னால் நின்று என் பாடத்தை முழுதும் கேட்டிருக்கிறாள். நான் அடுத்த நாள் என்ன சொல்லப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். போதுமே.”

எனக்கு நாக்கு எழவில்லை. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டாள். ‘பெண் பிள்ளைக்கு இது போதும்’ என்று நிறுத்தியவன் நான். கல்வி ஆண்களுக்கும் பெண்களுக்கும் கடமை என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! ஊரார் பெண்கள் படித்ததற்குப் பரிசு கொடுக்க என்னை அழைப்பார்கள், நானும் போவேன். என் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. மகன் விஷயத்தில் முதல் முறை குருடனாக இருந்தேன். இது இரண்டாம் முறை. இரண்டையும் எனக்குக் காட்டியது வேற்று வீட்டுப் பெண்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே சென்று ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். ஒவ்வொரு நாள் பாடமும் தேதியிட்டு எழுதப்பட்டிருந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்துத் தடுமாறுகிறது என்பதுகூட ஓரத்தில் குறிக்கப்பட்டிருந்தது. “அத்தா, நீங்கள் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை” என்றாள். தந்தையாகிய எனக்கு இதைவிடக் கடுமையான சொல்லை யாரும் சொன்னதில்லை.

கடைசி நாள் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார்கள். தாய்மார்கள் சேர்ந்து ஒரு புடவை எடுத்திருந்தார்கள். நான் வரவேற்புரைக்காக எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டு, பிள்ளைகள் முன்னிலையில் இரண்டே வாக்கியம் சொன்னேன்: “உங்களுக்கு இந்த இடத்தைக் கொடுக்க நான் முதலில் மறுத்தேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.” அவர் கைகூப்பினார். பாங்கு ஒலித்தது. வழக்கம் போலப் புத்தகத்தை மூடினார்.

அம்மா மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரை சென்றார். “உன் பெயரை முழுதாகச் சொல்லு, கண்ணு. தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொல்லு” என்று கேட்டு, மத்ரஸா வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தம் கையாலேயே எழுதினார். 1991இல் ஒரு முகமறியாத பெண் கற்றுக் கொடுத்த எழுத்து அது. கை நடுங்கினாலும் ஒரு புள்ளியும் தவறவில்லை. பத்திரிகையில் தம் பெயர் வர வேண்டாம் என்று அந்தச் சகோதரி கேட்டுக்கொண்டதால் நான் இங்கே குறிப்பிடவில்லை. பதிவேட்டில் அது இருக்கிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. மாலை ஐந்து மணிக்கு என் மகள் அந்தப் பாயில் அமர்ந்தாள். முதல் நாள் குரல் நடுங்கியது, மறுநாள் நடுங்கவில்லை. அந்த ஆண்டே தொலைநிலைக் கல்வியில் இளங்கலைத் தமிழுக்குப் பணம் கட்டினோம். பின்னர் அரசு மையங்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோது எங்கள் திண்ணையும் பட்டியலிலிருந்து விடுபட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் நின்றது. வகுப்பு நிற்கவில்லை. விளக்குக்கும் சாக்பீஸுக்கும் ஆகும் செலவை ஜமாஅத் பொறுப்பேற்றுக்கொண்டது. அதை முன்மொழிந்தவர், அன்று பத்ருக் கைதிகளை நினைவூட்டிய அதே பெரியவர்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் மஹல்லாவிலும் யாரேனும் ஒருவர் இவ்வாறு வந்து போயிருப்பார். ஜனாஸாவுக்குக் குழி வெட்டியவராக இருக்கலாம். இரவில் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டியவராக இருக்கலாம். பிள்ளைக்கு அரிச்சுவடி சொன்னவராக இருக்கலாம். அவர் பெயர் இன்னும் யாருக்கேனும் நினைவிருந்தால் இன்றே எழுதி வையுங்கள். அவர் விட்டுச் சென்ற இடத்தில் யார் உட்காருவது என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கக்கூடும்.

எங்கிருந்தாலும் அந்தச் சகோதரி நலமாக வாழ எங்கள் திண்ணைப் பிள்ளைகள் கையேந்துகிறார்கள். வல்ல இறைவன் ஏற்றருள்வானாக!